பட்டியலில் இல்லாத பெட்டி

புதுக்குடியிருப்பு
நவம்பர் 24

அன்புள்ள மகளுக்கு,

நலம். உன் நலமும் மருமகனின் நலமும் அறிய ஆவல். நீ கேட்ட 11 மூடுபெட்டிகளும் இழைத்து முடிந்துவிட்டன. மழை விட்டுவிட்டுப் பெய்வதால் பனையின் சார்வோலை காய மறுக்கிறது. பெட்டிகளை இரண்டு நாள் அடுப்படிப் பரணில் வைத்துப் புகை காட்டித்தான் பார்சலாகக் கட்டியிருக்கிறேன். பிரித்ததும் முதல் வேலையாக எல்லாவற்றையும் திறந்து காற்றாட வை. மூடியே வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

விலாசத்தை மட்டும் இன்னும் எழுதவில்லை. அதை ஒருமுறை சரிபார்த்து அனுப்பு. பார்சலுக்காகத்தான் கேட்கிறேன். வட்ஸ்அப்பில் பேசும்போது உனக்குப் பின்னால் தெரிகிற சுவர் முன்பு வெள்ளையாக இருந்தது. மூன்று கிழமையாக மஞ்சளாக இருக்கிறது. நிறம் அடித்திருப்பீர்கள் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

எப்போதும் சொல்வதுதான், மறுபடியும் சொல்கிறேன். நத்தாருக்குப் பரிசு வாங்கப் பெரிய கொம்பனிக் கடைகளுக்கு ஓடாதே. எங்கள் பெட்டி போதாதவர்களுக்கு உன் ஊரிலேயே சின்னக் கடைகளைத் தேடு. 40 லீற்றர் மேப்பிள் நீரைக் காய்ச்சினால் ஒரு லீற்றர் பாகுதான் மிஞ்சும் என்று நீதானே சொன்னாய்? இங்கே பதநீர் காய்ச்சிப் பனங்கட்டி ஊற்றுகிறவர்களின் பாடும் அதுதான். அப்படிக் காய்ச்சுகிற குடும்பத்திடமே நேரே வாங்கு. வீட்டில் கேக் சுட்டு விற்கிற எங்கள் பிள்ளைகளிடம் வாங்கு. வாங்கும்போது விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசாதே.

சென்ற முறை உன் கந்தோரில் ஒருத்தி நீ கொடுத்த பெட்டியில் வளையல்களை வைத்திருக்கிறாள் என்று சொன்னாயே, அன்று சந்திவரை நடந்துபோய் இரண்டு பேரிடம் சொல்லிவிட்டு வந்தேன். 2009 சண்டையில் செல்லடி தலையை அறுத்துப்போட்ட பனைகள் எங்கள் எல்லையில் இன்னும் மொட்டையாக நிற்கின்றன. தப்பிய மூன்றின் குருத்து ரொறன்ரோவில் ஒரு மேசையில் வளையல் சுமக்கிறது என்றால் யாருக்குத்தான் சொல்லத் தோன்றாது?

ஆனால் சென்ற வருடம் 12 பெட்டி கேட்டாய், இந்த முறை 11 தான். பட்டியலை மூன்று தடவை பார்த்தேன். சம்பந்தியம்மாவின் பெயர் இல்லை. மறந்திருப்பாய். நீ எதையும் மறக்கிற பிள்ளை இல்லை என்பதும் எனக்குத் தெரியும். போனில் கேட்டால் "எல்லாம் சரி அப்பா" என்கிறாய். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வராது. கிழமைக்கு ஒருமுறை பேசுகிற தகப்பனிடம் அந்த மூன்று சொல்லுக்கு மேல் இல்லையா, பிள்ளை?

சரி, அதை விடு. நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயம்.

22 வருடம் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்தவன் நான். இங்கிலாந்தின் ரொச்டேலில் கூட்டுறவுக் கடை தொடங்கிய கதையைக் கேட்டுக் கேட்டு உனக்கு அலுத்திருக்கும். 28 பேர், 1844 டிசம்பர் 21, நத்தாருக்கு நாலு நாள் முன்னால் ஒரு சின்னக் கடை. மா, வெண்ணெய், சீனி, ஓட்ஸ், கொஞ்சம் மெழுகுதிரி. கலப்படம் இல்லை, நிறை குறையாது. அதை உனக்குச் சொன்ன வாயால் இதையும் சொல்கிறேன். ஒரு பெட்டிக்கு 3,000 ரூபாய் என்று கணக்குப் போட்டு நீ காசு அனுப்பினாய். பெட்டி இழைக்கிற பின்வளவு அக்காவுக்கு நான் கொடுத்தது 1,100. மூன்று வருடமாக இதுதான் நடந்தது. மிச்சத்தில் கிணற்று மோட்டர் திருத்தினேன், மாட்டுக் கொட்டிலுக்குத் தகரம் போட்டேன். மற்றது எங்கே போனது என்று எனக்கே தெரியாது. அம்மாவுக்கும் இது தெரியாது.

சென்ற மாதம் நீ போன் எடுத்தபோது அந்த அக்கா எங்கள் திண்ணையில் இருந்துதான் இழைத்துக்கொண்டிருந்தாள். எனக்குக் காது மந்தம் என்பதால் நான் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தேன். "பெட்டிக்கு 3,000 காணுமா அப்பா, கூட்டி அனுப்பவா?" என்று கேட்டாய். அவள் நிமிரவில்லை. விரல் மட்டும் ஓலையின் மேல் சற்று நின்றது. பிறகு மடித்தாள், நகத்தால் அழுத்தினாள், அடுத்த இழையை எடுத்தாள். கிழமை முடிய 11 பெட்டிகளையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, எப்போதும் போல 1,100 கணக்கில் எண்ணி வாங்கிக்கொண்டு போனாள். ஒரு சொல் சொல்லவில்லை. ஏசியிருந்தால் இரண்டு நாளில் மறந்திருப்பேன்.

ஒன்பது நாள் கழித்துத்தான் அவள் படலையடிக்குப் போனேன். கையில் 20,000 இருந்தது. "மொத்தம் எத்தனை பெட்டி என்று எழுதி வைத்தீர்களோ அண்ணை?" என்று கேட்டாள். சங்கத்துப் பேரேடு எழுதிய கை. இதற்கு ஒரு துண்டுத் தாளும் எழுதி வைக்கவில்லை. அவளே சொன்னாள்: 31. முதல் வருடம் 8, பிறகு 12, இப்போது 11. பெட்டிக்கு 1,900 வீதம் 58,900. மீதி 38,900 ஐக் காலபோக நெல் வெட்டியதும் தருகிறேன் என்றேன். தலையை ஆட்டினாள். நம்பி ஆட்டினாளா என்று தெரியவில்லை.

இதற்காக நீ காசு எதுவும் அனுப்பக்கூடாது. இது என் கணக்கு. அடுத்த முறையிலிருந்து பெட்டிக் காசை அவளுடைய வங்கிக் கணக்குக்கே நேரே போடு, இலக்கம் அனுப்புகிறேன். இந்தத் தாள்களை அம்மா பார்க்காமல் நானே படம் பிடித்து உனக்கு அனுப்புவேன். அம்மாவிடம் நானே சொல்வேன், பொங்கலுக்கு முன்னால். என் பக்கத்தில் இனி மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

பார்சலில் 12 பெட்டி இருக்கும். கடைசிப் பெட்டி நான் சொல்லி இழைப்பித்தது, சிவப்புச் சாயக் கரை வைத்தது. அதற்கு 3,000 எண்ணிக் கொடுத்துவிட்டேன். மற்றவற்றில் நீ சொன்னபடி பெயர்த் துண்டு கட்டியிருக்கிறேன், அதில் கட்டவில்லை. சம்பந்தியம்மாவுக்குக் கொடுக்கலாம் என்றால் கொடு. இல்லையென்றால் உன்னிடமே இருக்கட்டும்.

விலாசத்தை அனுப்பு. எந்த விலாசமாக இருந்தாலும் சரி.

அன்புடன்,
அப்பா