கப்பலில் கேடட்டாக (பயிற்சி அதிகாரியாக) இருக்கும் மகனுக்கு

தம்பிக்கு,

அடுத்து ரிச்சர்ட்ஸ் பேயில் நிலக்கரி ஏற்றப் போவதாக நீ அனுப்பிய செய்தி வந்தது. ஆப்பிரிக்காவில் குளிருமா என்று கேட்டாள் அம்மா. எனக்கு நிலக்கரி என்றதுமே வேறு கவலை.

சென்னைத் துறைமுகத்தின் ஜவஹர் டாக்கில் கரிக் கப்பல்களோடு நான் மாரடித்தது உனக்குத் தெரியும். 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் கரி எண்ணூருக்குப் போனது. அப்புறம்தான் ராயபுரம் மொட்டை மாடியில் என் வேட்டி வெள்ளையாகவே காய்ந்தது. அது கிடக்கட்டும்.

நிலக்கரி சும்மா கிடந்தாலே காற்றில் இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். சரக்கு கொட்டிவைக்கும் மூடிய ஹோல்டில் மட்டுமல்ல, அதை ஒட்டிய ஏணி வழியிலும் அதே கதிதான். கப்பல் நிலையாக நிற்கக் கடல்நீர் நிரப்பும் பேலஸ்ட் டாங்கிலும், நங்கூரச் சங்கிலி கிடக்கும் செயின் லாக்கரிலும் கரியே வேண்டாம், இரும்பு துருப்பிடித்தால் போதும். வாடை வந்து எச்சரிக்காது. மூச்சு முட்டினால் ஏறிவிடலாம் என்றும் நினைக்காதே, பல நேரம் முட்டுவதற்கு முன்பே ஆள் சுருண்டுவிடுவான்.

இறங்கும் முன் ஆக்சிஜன் மீட்டரில் 20.9 சதவீதம் வர வேண்டும். மேலே, நடுவில், அடியில் என்று மூன்று மட்டத்திலும் பார். உள்ளே இறங்க அனுமதிக்கும் பெர்மிட்டில் கையெழுத்து இருக்கிறதே என்று இறங்காதே. அது காலையில் போட்டதாக இருக்கும், நீ இறங்குவது மதியம். 2016 ஜூலையிலிருந்து கப்பலில் மீட்டர் கட்டாயம். "சீக்கிரம் இறங்குடா" என்று எந்த ஆபீசர் கத்தினாலும், "மீட்டர் போட்டுட்டு இறங்குறேன் சார்" என்று சொல். கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும்.

என் பெரிய பயம் வேறு. உள்ளே ஒருத்தன் விழுந்து கிடந்தால் நீ யோசிக்காமல் பாய்ந்துவிடுவாய். மெரினாவில் யாருடைய செருப்பையோ அலை இழுத்ததற்கே பாய்ந்தவன் நீ! காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்து செத்த விபத்துகள் கப்பல்களில் நிறைய நடந்திருக்கின்றன. அலாரம் கொடு, ஆளைக் கூப்பிடு, சுவாசக் கருவி வரும்வரை வாசலைத் தாண்டாதே. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இதற்கென்றே டிரில் நடத்த வேண்டும் என்பது விதி. அதை போட்டோ எடுப்பதோடு முடித்துவிடுகிறார்களா, கருவியை நிஜமாகவே உன் முகத்தில் மாட்டிப் பழக்குகிறார்களா?

கரையில் சிம் கிடைத்தால் முதலில் அம்மாவுக்கு வீடியோ கால் போடு. இளைத்துவிட்டாய் என்பாள், மறுத்துப் பேசாதே. எனக்கு, உங்கள் கப்பல் மீட்டரைக் கடைசியாக எப்போது காலிபரேட் செய்தார்கள் (சரியாக அளக்கிறதா என்று சோதித்துச் சரிசெய்தார்கள்) என்று மட்டும் எழுது.

அன்புடன்,
அப்பா