பர்மாவின் பெகு ஊரில் பாடம் எடுக்கும் தங்கச்சிக்கு: பின்னத்தை முழத்தில் தொடங்கு

அன்புள்ள தங்கச்சி,

மாலை வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னம் ஏறவே மாட்டேன் என்கிறது, 1/2 + 1/3 என்று போட்டால் 2/5 என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள் என்று புலம்பியிருந்தாய். பர்மாவில் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று பதிலை எல்லாரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

முதலில் அந்த ரொட்டிப் படத்தை ஓரமாக வை. வட்டம் வரைந்து நான்காக வெட்டி மூன்று துண்டுக்கு வண்ணம் தீட்டுவது ஒரு நாளைக்குச் சரி. அதிலேயே நின்றுவிட்டால் பிள்ளைக்கு முக்கால் என்பது ஓர் எண்ணாகவே தெரியாது. மேலே ஒரு 3, கீழே ஒரு 4, நடுவில் ஒரு கோடு, அவ்வளவுதான். அதனால்தான் மேலே இருப்பதை மேலே இருப்பதோடும் கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டிவிடுகிறது. 5/4 என்று எழுதிப் பார், 'நான்கு துண்டில் ஐந்தை எப்படி டீச்சர் எடுப்பது?' என்று கேட்கும். நியாயமான கேள்விதானே!

முழத்தை எடுத்துக்கொள். நம் முழம் 24 விரல் அகலம், சாண் 12 விரல். பர்மியர் சொல்லும் தௌங்கும் அதேதான், இரண்டு சாண், 18 அங்குலம். முதல் நாள் ஆளாளுக்குத் தன் கையாலேயே பெஞ்சை அளக்கட்டும். ஒருத்திக்கு நான்கு முழம் வரும், இன்னொருவனுக்கு மூன்றரையோடு கொஞ்சம் வரும், சண்டை வரும். நன்றாகச் சண்டை போடட்டும். எந்த ஒன்றில் பாதி என்று பேசி முடிவு செய்யாமல் அரை என்று சொல்வதில் அர்த்தமே இல்லை என்பதை நீ வாய்விட்டுச் சொல்லவே வேண்டியிருக்காது.

அப்புறம் பழைய காலண்டர் தாளில் 18 அங்குல நாடா வெட்டி, இடது ஓரத்தில் 0, வலது ஓரத்தில் 1 என்று எழுதச் சொல். முக்கால் அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டால் 24 விரலும் வந்துவிடும். மடித்தால் அரை, மறுபடி மடித்தால் கால், இன்னொரு மடிப்பில் அரைக்கால். மூன்றாக மடிப்பது சின்னக் கைகளுக்கு வராது, அதற்கு எட்டு விரல் எண்ணிக்கொள்ளலாம். இங்கே ஒன்றைக் கவனி: பிள்ளைகள் இடைவெளியை எண்ணாமல் கோட்டை எண்ணும், ஓரத்தில் இருக்கிற 0-வையே ஒன்று என்று தொடங்கும். விரலைத் தாளில் வைத்து நகர்த்தி நகர்த்தி எண்ண வை. இதற்கு ஒரு வகுப்பு முழுக்கப் போனாலும் போகட்டும். இரண்டு நாடாவை ஒட்டிவிட்டால் 5/4 எங்கே என்று அவர்களே காட்டிவிடுவார்கள், முப்பதாவது விரல்.

இப்போது உன் 1/2 + 1/3. அரை 12 விரல், மூன்றில் ஒன்று 8 விரல், ஆக 20. நான்கு நான்கு விரலாகப் பார்த்தால் முழத்தில் ஆறு பங்கு, அதில் ஐந்து, அதாவது 5/6. பகா எண், மீச்சிறு பொது மடங்கு என்றெல்லாம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். அவர்கள் எழுதிய 2/5-ஐயும் அதே நாடாவில் தேடச் சொல். பத்து விரலைக்கூடத் தொடாது, அரைக்கும் முன்னாலேயே நின்றுவிடும். அரையோடு இன்னும் கொஞ்சம் கூட்டினால் அரையைவிடக் குறையுமா என்று அவர்களே சிரிப்பார்கள்.

கடைத்தெருவில் எடை போடும் பர்மிய வீசையில் தொடங்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். வீசையை நூறு பங்காக்கித்தான் நிறுக்கிறார்கள், அரைக்கு 50, காலுக்கு 25 என்று அழகாக வரும், ஆனால் மூன்றில் ஒன்று 33-ஐத் தாண்டி இழுத்துக்கொண்டே போகும். தசமம் நடத்தும்போது அதே வீசை பிரமாதமாக உதவும்.

ஐந்தில் ஒன்று வரும்போது முழம் கைவிட்டுவிடும், 24-ஐ ஐந்தால் வகுக்க முடியாதே. அன்றைக்கு 60 சென்டிமீட்டரில் புது நாடா வெட்டிக்கொள்: அரை 30, மூன்றில் ஒன்று 20, கால் 15, ஐந்தில் ஒன்று 12. அரைக்கால் மட்டும் ஏழரையில் போய் நிற்கும், அது ஏன் என்று அவர்களையே கேள்.

அன்புடன்,
ரங்கூன் அக்கா