எக்ஸ் தெரியாத ராத்திரி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. முழங்கால் வலி என்று சாக்குச் சொல்லலாம். உண்மையில் சோம்பல்தான்.

தொலைநோக்கி வாங்கிய கையோடு பௌர்ணமி நிலாவைப் பார்த்துக் கண் கூசிப்போனதாக எழுதியிருந்தாய். சிரித்துவிட்டேன். எல்லாரும் முதலில் செய்கிற தப்பு அது. பௌர்ணமியில் சூரியன் நேருக்கு நேர் அடிப்பதால் நிழலே விழாது. நிழல் இல்லாவிட்டால் மலை ஏது, பள்ளம் ஏது? பார்க்க வேண்டியது இருட்டும் வெளிச்சமும் சந்திக்கும் கோடுதான்.

எந்த ஆப் நல்லது என்று கேட்டாய். முதலில் நான் பட்ட பாட்டைக் கேள். வளர்பிறையின் அரைநிலா சமயத்தில், நிலாவிலுள்ள வெர்னர் பள்ளத்துக்குப் பக்கத்தில், பள்ளங்களின் விளிம்புகள் மட்டும் வெயில் பட்டு இருட்டுக்குள் எக்ஸ் எழுத்துபோல மின்னும். என் ஃபோனில் இருந்த ஆப் 'இன்று அரைநிலா, ஐம்பது சதவீதம்' என்றது. சரி என்று வேலையெல்லாம் முடித்துவிட்டு ஒன்பதரை மணிக்குப் போய் நின்றேன். எக்ஸ் இல்லை. சுற்றியிருந்த தரையிலும் வெயில் ஏறி, அது கலந்து போயிருந்தது. மொத்தமே நாலு மணி நேர வேடிக்கை அது. தேதியை மட்டும் சொல்லும் ஆப்பை வைத்துக்கொண்டு அதைப் பிடிக்க முடியாது.

அடுத்த மாதமும் கிடைக்கவில்லை. பிறைச் சுற்று 29.53 நாள் அல்லவா? அந்த அரை நாள்தான் வில்லன். இந்த மாதம் ராத்திரி எட்டு மணிக்கு நடப்பது அடுத்த மாதம் காலை ஒன்பது வாக்கில் நடக்கும்; அப்போது நிலா அடிவானத்துக்குக் கீழே கிடக்கும். இரண்டு சுற்று சேர்ந்தால் 59 நாள், கிட்டத்தட்ட அதே மணி. ஒரு மாதம் விட்டு ஒரு மாதம்தான் நமக்கு வாய்ப்பு.

அதனால் சதவீதத்தை விடு. கோலாஞ்சிட்யூட் என்ற எண்ணைக் காட்டும் கருவியாகப் பார்த்து வாங்கு. பெயர்தான் பயமுறுத்தும். நிலாவில் இப்போது எந்தத் தீர்க்கரேகையில் சூரியன் உதிக்கிறது என்பதைச் சொல்லும் எண், அவ்வளவுதான். வளர்பிறை அரைநிலாவில் அது பூஜ்யத்தை ஒட்டி இருக்கும், பௌர்ணமியில் 90. எக்ஸ் தெரிவது ஏறக்குறைய 358-ல், அதாவது சுற்று 360-ல் முடிந்து மறுபடி பூஜ்யம் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால். கோப்பர்நிக்கஸ் பள்ளம் மேற்கே 20 பாகையில் இருக்கிறது. எண் 20-ஐத் தொட்டால் அங்கே விடிகிறது என்று அர்த்தம். அந்த விடியல் கோடு மணிக்கு அரைப் பாகை நகரும். நிலாவின் நடுக்கோட்டில் அது சுமார் 15 கிலோமீட்டர், நிதானமாக சைக்கிள் மிதிக்கிற வேகம்!

நான் வைத்திருப்பது கணினியில் வர்ச்சுவல் மூன் அட்லஸ் என்ற நிலா வரைபட மென்பொருள். இலவசம். கோலாஞ்சிட்யூட் காட்டும், உன் தொலைநோக்கியில் தெரிகிறபடி படத்தை இடவலமாகத் திருப்பியும் தரும். இந்த வசதி இல்லாமல் வரைபடத்தோடு நான் தலைகீழாகச் சண்டை போட்ட நாட்கள் உண்டு. அப்புறம் நாசாவின் டயல்-எ-மூன் என்ற இணையப் பக்கம்: வருஷம் முழுக்க மணிக்கு ஒரு படம், நிலா எந்தப் பக்கம் தலையாட்டுகிறது என்பதோடு. அதில் நேரம் உலகப் பொது நேரம், உன் ஊர் நேரத்துக்கு மாற்றிக்கொள்ள மறக்காதே. அந்தத் தலையாட்டலால்தான் நிலாவின் பாதிக்கு மேல், 59 சதவீதம் வரை நமக்குத் தெரிகிறது. மேற்கு ஓரத்து ஓரியண்டாலே கடல் (பெயர்தான் கடல், தண்ணீர் இல்லாத கருஞ்சமவெளி) எட்டிப் பார்ப்பதும் அதனால்தான். அதைப் பற்றி இன்னொரு கடிதத்தில் எழுதுகிறேன், இப்போதே நீளமாகிவிட்டது.

அடுத்த வளர்பிறையில் எண் 20-ஐ நெருங்கும் ராத்திரி கோப்பர்நிக்கஸுக்கு முன்னால் உட்கார். முதலில் விளிம்பு மட்டும் உடைந்த வளையல்போல மின்னும், உள்ளே மை இருட்டு. காத்திரு. நடுவில் இருக்கும் சிகரத்தில் ஊசிமுனை அளவு வெளிச்சம் விழும். அது எத்தனை மணிக்கு என்று குறித்து அனுப்பு; என் நோட்டில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

உன்
ரவி