வெள்ளி வாங்குவது கோட்டைவிடுவதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் விளையாட்டுப் பக்கத்தில் பாட்மிண்டன் வீராங்கனை பி.வி. சிந்துவைப் பற்றி எழுதியவர், போகிற போக்கில் "பெரிய இறுதிப் போட்டி என்றாலே கோட்டைவிடுபவர்" என்று ஒரு வரி போட்டிருந்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உங்கள் பத்திரிகையைப் படிக்கிறேன், அந்த உரிமையில் எழுதுகிறேன், மனசு ஆறவில்லை.

2017 கிளாஸ்கோ உலகப் போட்டி உங்களுக்குத் தெரியாததல்ல. இறுதியில் ஜப்பானின் ஒகுஹாராவோடு 110 நிமிடம் ஆடி, 19-21, 22-20, 20-22 என்று தோற்றார். இரண்டாவது செட்டின் கடைசிப் புள்ளிக்கு மட்டும் இருவரும் மாறி மாறி 73 முறை அடித்தார்கள். இதற்கா கோட்டைவிடுவது என்று பெயர்? அடுத்த வருடமும் இறுதிக்கு வந்து ஸ்பெயினின் மரினிடம் தோற்றார். அதற்கடுத்த வருடம், 2019-இல், பாசெலில் அதே ஒகுஹாராவை 21-7, 21-7 என்று வென்று உலக சாம்பியன் ஆனார். கட்டுரையில் அதைத் தேடினேன், இல்லை.

தேவகோட்டையில் எங்கள் வீட்டு வளவில் தூணுக்குத் தூண் கயிறு கட்டி ஆடிப் பழகியவள் நான். காற்றடித்தால் ஷட்டில் ஓட்டுமேல் போய் உட்கார்ந்துகொள்ளும், ஏணி வைத்து எடுப்போம். மாவட்டப் போட்டி வரைக்கும் போனேன். பன்னிரண்டாவது முடிந்ததும் மட்டையைப் பரணில் போட்டுவிட்டார்கள், என்னை யாரும் கேட்கவில்லை. சரி, அது என் காலம்.

இப்போது மகள் ஆடுகிறாள். காரைக்குடியில் அவள் பழகும் அரங்கில் வெறும் சிமெண்ட் தரை, மேட் கிடையாது. ராத்திரி முட்டிக்குத் தைலம் தேய்ப்பது என் வேலை. முகூர்த்த நாள் வந்தால் அரங்கைக் கல்யாணத்துக்கு விட்டுவிடுவார்கள், பயிற்சி இல்லை. கட்டுப்படியாகாததால் நைலான் ஷட்டிலில் பழகுகிறாள், போட்டியில் இறகு ஷட்டில், அது வேறு மாதிரி பறக்கும். இத்தனைக்கும் நடுவில் விடிகாலை பல்லவன் ரயிலைப் பிடித்துச் சென்னைக்குப் போய் ஆடிவிட்டு, மறுநாள் பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டருக்குத் திட்டும் வாங்குகிறாள்.

போன மாதம் மாவட்ட இறுதிப் போட்டியில் மூன்றாவது செட்டை 19-21 என்று தோற்றாள். மறுநாள் பேப்பரில் ஜெயித்த பிள்ளையின் பெயர் மட்டும் வந்தது, அந்தப் பிள்ளை நன்றாக ஆடியது, அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் உங்கள் கட்டுரையைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தவள் அந்த வரியில் நிறுத்தி, "அப்ப நானும் கோட்டைவிட்டவதானாம்மா?" என்று கேட்டாள். கையில் கரண்டியோடு நின்றேன், பதில் வரவில்லை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. 2019 வெற்றியை அடுத்த இதழில் ஒரு மூலையிலாவது போடுங்கள். அப்புறம், மாவட்டப் போட்டி முடிவுகள் வெளியிடும்போது இரண்டாமிடம் வந்த பிள்ளையின் பெயரையும் சேர்த்துவிடுங்கள், ஒரு வரிதான் கூடும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
காரைக்குடி