மக்களே, அந்த வீடியோவைப் பற்றி

மக்களே,

பாறசாலையில் மழை விட்டபாடில்லை. ரப்பரில் பால்வெட்டு நின்று கிடக்கிறது. அப்பாவுக்கு முட்டுவலி அப்படியேதான், ஆனாலும் களியக்காவிளைக்குப் போய் மீன் வாங்கி வருவதை மட்டும் விட மாட்டேன் என்கிறார். நீ லீவு முடிந்து போனபின் போன் குறைந்துவிட்டது, வேலை இருக்கும், சரி. இரவு வெகுநேரம் முழித்திருக்காதே.

நீ பாடிப் போடுகிற பாட்டுகளைச் சபையில் எல்லாரும் கேட்கிறார்கள். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, டீச்சர், மகன் நன்றாக வந்துவிட்டான் என்று மலையாளத்தில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்குச் சந்தோஷம்தான். தாத்தா இருந்திருந்தால் உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாடச் சொல்லியிருப்பார்.

மேல வீட்டுச் சித்தி இப்போது நம் வீட்டுப் பக்கம் வருவதில்லை. சபையில் கடைசி பெஞ்சில் உட்காருகிறாள், ஆசீர்வாதம் சொன்னதும் எழுந்து போய்விடுகிறாள். போனில் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அவளுக்கு அரிசியும் சேலையும் கொடுத்தது நல்ல காரியம். சித்தப்பா போனபின் அவள் படுகிற பாடு உன் கண்ணில் பட்டதே என்று கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். ஆனால் அதை ஏன் மக்களே வீடியோ பிடித்தாய்? பையை வாங்கும்போது அவள் முந்தானையால் முகத்தை மறைக்கப் பார்க்கிறாள், இங்கே பாருங்க சித்தி என்று நீ சொல்வதும் அதில் கேட்கிறது. அவள் மகள் படிக்கிற காலேஜில் பிள்ளைகள் அதைப் போனுக்குப் போன் அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளை இரண்டு நாள் காலேஜுக்கே போகவில்லை.

வேதத்தில் வருகிற ஏழை விதவை ரூத்தின் கதையை ஓய்வுநாள் பள்ளியில் நான்தான் உனக்குச் சொல்லித் தந்தேன். அவள் கதிர் பொறுக்கப் போன வயலின் சொந்தக்காரர் போவாஸ் பெரிய பணக்காரர். நினைத்திருந்தால் ஒரு மூட்டை வாற்கோதுமையை எல்லார் முன்னாலும் அவளிடம் கொடுத்து அனுப்பியிருக்கலாம். அவரோ வேலைக்காரரைக் கூப்பிட்டு, அவள் பொறுக்கிக்கொள்ளும்படி அறுத்த கதிர் அரிகளிலிருந்து வேண்டுமென்றே சிலதைச் சிந்தவிடுங்கள், அவளை அதட்டாதிருங்கள் என்றார். சாயங்காலம் அவள் தட்டிப் பார்த்தபோது ஏறக்குறைய ஒரு மரக்கால் கண்டது. அதில் தானாகக் கிடந்தது எவ்வளவு, அவர் சிந்தவிட்டது எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. தன் கையால் பொறுக்கினதைத்தான் அவள் மாமியாரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். ஏழைக்குக் கொடுக்கிறவன் அந்த அளவுக்கு யோசிக்க வேண்டும் மக்களே, வாங்குகிறவள் தலை குனியாமல் வீட்டுக்குப் போகிற வழியை.

மகளைப் பறிகொடுத்த ஜெப ஆலயத் தலைவன் யவீருவின் வீட்டிலும் பார். அழுது சத்தம்போட்ட கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டுத்தான் இயேசு உள்ளே போனார். மரித்த பிள்ளை எழுந்து நடந்தபின், இதை ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று உறுதியாகக் கட்டளையிட்டார், அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கச் சொன்னார். அவ்வளவு பெரிய அற்புதம் நடந்த நேரத்திலும் அவர் நினைத்தது அந்தப் பிள்ளையின் பசியை.

பார்க்கிறவர்களுக்கும் கொடுக்க மனசு வரும் என்று நீ சொல்வாய். அப்பாவும் உனக்காக அதையேதான் சொன்னார். இருக்கட்டும், அதுக்கு அவள் முகம் எதுக்கு? உன் பெயர் அத்தனை பெரிய எழுத்தில் எதுக்கு? சவுல் ராஜா கர்மேலில் தனக்கு ஜெயஸ்தம்பம் நாட்டினது எப்போது என்று 1 சாமுவேல் 15-ல் வாசி. கர்த்தர் அவனைத் தள்ளிவிட்டதைச் சொல்ல சாமுவேல் தீர்க்கதரிசி தேடிக்கொண்டு வருகிற அதே நேரத்தில். அப்புறமும், பாவஞ்செய்தேன் என்று சொன்ன வாயாலேயே, ஜனத்தின் மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று கேட்கிறான். அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது. இப்போது உன்னை நினைத்துப் பதறுகிறது.

சின்ன வயதில் உன்னை மயிலாடிக்கு அழைத்துப் போனோமே. மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர் 1806-ல் ஆரல்வாய்மொழி வழியாக வந்தார், 1809-ல் அங்கே ஆலயம் எழும்பியது. வந்த சம்பளத்தைப் பெரும்பாலும் ஏழைகளுக்கே கொடுத்துவிட்டவர். 1816-ல் உடம்பு முடியாமல், பொறுப்பை மயிலாடிக்காரர் வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். பிறகு கப்பலேறினவர் எங்கே மரித்தார், எங்கே அடக்கம் பண்ணினார்கள் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எத்தனை சபைகள் இருக்கின்றன, பார். நம் தாத்தாவின் தாத்தா ஞானஸ்நானம் வாங்கினது அந்த ஊழியத்தின் வழியாகத்தான்.

நீ கெட்டவனில்லை. யாராவது கஷ்டப்பட்டால் பார்த்துக்கொண்டிருக்க உனக்கு முடியாது, அது சின்னதிலிருந்தே அப்படித்தான், அதனால்தான் எனக்கு இவ்வளவு வருத்தம். மனுஷர் காணவேண்டுமென்று செய்கிறவர்கள் தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது என்று ஆண்டவர் சொல்லியிருக்கிறார். உனக்குப் பரத்தில் இருக்கவேண்டியதை இங்கேயே லைக்குகளாக வாங்கித் தீர்த்துவிடாதே.

அந்த வீடியோவை எடுத்துவிடு. எடுத்துவிட்டேன் என்று எழுதிப் போட வேண்டாம், மன்னிப்புக் கேட்டு இன்னொரு வீடியோவும் வேண்டாம். சித்திக்கு நீயே போன் பண்ணு, என்னிடம் சொல்லி அனுப்பாதே. அவள் மகளுக்கு அடுத்த மாதம் பீஸ் கட்ட வேண்டும். உனக்கு மனசிருந்தால் அப்பாவின் கணக்கில் போடு, அவர் போய்க் கட்டிவிட்டு வருவார், யார் கட்டினது என்று எவர் கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டார்.

இரவு முழித்திருக்காதே. ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் நான் சும்மாதான் இருப்பேன், கூப்பிடு.

அம்மா