மேலே ஒன்று, கீழே ஒன்று

நண்பா,

அம்மாவுக்கு முட்டி அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. பத்துமலை முருகன் கோயிலின் 272 படியையும் இப்போதைக்கு மறந்துவிடச் சொல், நான் சொன்னதாகவே சொல்.

கடலுக்குள் தேடும் ஆளில்லாக் கலங்கள் இத்தனை இருந்தும், 2014இல் காணாமல் போன மலேசிய விமானம் எம்எச்370 ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டிருந்தாய். அந்த ஏப்ரலில் இறக்கிய கலத்துக்கு 4500 மீட்டர்தான் எல்லை, முதல் தடவையே ஆழம் அதைத் தாண்டியதால் தானாக மேலே வந்துவிட்டது. 2018இல் ஓஷன் இன்ஃபினிட்டி என்ற நிறுவனம் ஒரே கப்பலிலிருந்து எட்டுக் கலங்கள் வரை இறக்கி, சில மாதங்களில் 1,12,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் சலித்தது. அப்படியும் கிடைக்கவில்லை. 239 பேர், நண்பா. இப்படிப்பட்ட கலங்களோடு வேலை செய்ய நான் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கடலுக்கு அடியில் ஜிபிஎஸ் கிடையாது, வைஃபையும் கிடையாது, ரேடியோ அலையை உப்புத்தண்ணீர் விழுங்கிவிடும். மிஞ்சுவது ஒலி. அது நொடிக்குச் சுமார் 1500 மீட்டர்தான் போகும், ஆக மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கலத்திடம் கேட்டால் பதில் வர நான்கு நொடி, ஒரு படம் அனுப்பச் சொன்னால் படாத பாடு. அதனால்தான் மேலே ஒரு படகை விடுகிறோம். அது ஜிபிஎஸ்ஸில் தன் இடத்தைப் பார்த்துக்கொண்டு, ஒலி போய்த் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்குப் போட்டு, கீழே இருப்பதற்கு வழி சொல்லிக்கொண்டே கூடப் போகும்.

போன வாரம் பினாங்கில் தெலுக் பஹாங் கடலில் படகு, கலம் இரண்டையும் விட்டோம். தண்ணீருக்குள் இறக்கிய மைக்கை ஹெட்போனில் கேட்டால், காய்ந்த எண்ணெயில் கடுகு பொரிகிற சத்தம், ஓயவே இல்லை. எல்லாம் விரல் நீளம்கூட இல்லாத இறால். கொடுக்கைச் சட்டென்று மூடும்போது ஒரு குமிழி உருவாகி உடைகிறது, ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் நம் ஊர் போன்ற வெதுவெதுப்பான ஆழமில்லாத கடலே இரைச்சல்தான். அதில் எங்கள் மோடம் (ஒலியில் செய்தி அனுப்பும் கருவி) பேசியது பாதி காணாமல் போய், அப்புறம் சுத்தமாகப் பேச்சே இல்லை. எனக்குக் கை சில்லிட்டுவிட்டது.

ஆனால் இறக்குவதற்கு முன்பே ஒன்று பேசி வைத்திருந்தோம்: பத்து நிமிடம் சத்தம் வராவிட்டால் வேலையை விட்டுவிட்டு, குறித்த இடத்தில் மேலே வா. படகுக்கும் அதே இடம்தான். அது போய் வட்டமடித்துக் காத்திருக்க, கொஞ்ச நேரத்தில் பக்கத்திலேயே மஞ்சள் முதுகு எழுந்தது. இரண்டும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை! ஓயாமல் பேசிக்கொண்டால்தான் சேர்ந்து வேலை செய்ய முடியும் என்று நினைத்திருந்தேன். இப்போது, பேச முடியாதபோது யார் என்ன செய்வது என்பதைக் கரையிலேயே முடிவு செய்வதில்தான் பாதி வேலை இருக்கிறது என்று தோன்றுகிறது.

அடுத்த மாதம் இரண்டு கலங்களைக் கீழே விடப் போகிறோம். ஒரே நேரத்தில் இரண்டும் பேசினால் ஒன்றும் விளங்காது, முறை வைக்க வேண்டும். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா, அந்தச் சத்தத்தை அவர்களும் கேட்கட்டும். பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரியிலேயே வா, பாலத்தில் வேண்டாம், இந்தப் பக்கம் நான் நிற்கிறேன்.