ஓடும்போது நிற்கிற சொட்டு

ஸ்கார்பரோ, கனடா
ஜனவரி, ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. தங்கச்சி முட்டிவலி குறைந்து கோயில் வரைக்கும் நடந்து போய் வருகிறாள் என்று படித்ததும்தான் மனசு ஆறியது. பேத்திக்குக் காது குத்து எப்போது? அதை எழுதவே இல்லையே நீ.

இங்கே மைனஸ் 18. ரோட்டில் பனி உருக உப்பைக் கொட்டுகிறார்கள். அது வண்டியின் அடித்தகட்டை அரித்துவிடும் என்று ஜனங்கள் கார் வாஷில் வரிசை கட்டி நிற்கிறார்கள். நம்மூர் வாட்டர் சர்வீஸ் மாதிரி ஆள் வைத்துக் கழுவுவதில்லை. காசு போட்டால் தண்ணீர் வரும், அவரவர் வண்டியை அவரவரே கழுவிக்கொள்ள வேண்டும். ஆறு தடுப்பு, ஆறு பம்ப், பராமரிக்க நான் ஒருத்தன். குளிர்காலத்தில் தண்ணீர் பீய்ச்சுகிற கன் முனையில் நாங்களே கொஞ்சம் சொட்டவிட்டுத்தான் வைப்போம். ஓட்டம் நின்றால் ஹோஸுக்குள்ளேயே உறைந்துவிடும். அதனால் நாம் விட்ட சொட்டு எது, தானாக வந்த சொட்டு எது என்று பிரித்துப் பார்க்கிற கண் வேண்டும்.

உனக்குச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தது மூன்றாம் நம்பர் பம்ப் கதை. டாங்கிலிருந்து பம்ப்புக்கு வரும் அரை அங்குல இணைப்பில் ஒழுக்கு. பம்ப் சும்மா இருக்கும்போது சொட்டும், ஓடும்போது நின்றுவிடும். “போட்டா சரியாகிடுது” என்று முன்னால் இருந்த பையன் விட்டுவிட்டான். எனக்கு அங்கேதான் உறுத்தியது. ஓடும்போது சொட்டு நிற்கிறது என்றால், அந்த ஓட்டை வழியாகப் பம்ப் காற்றை இழுக்கிறது. காது கொடுத்துக் கேட்டேன். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கின சத்தம். வெளியே கழுவுகிறவர் கையில் ஹோஸ் வெடவெடவென்று துடிக்கிறது.

கழற்றி, டெஃப்லான் டேப்பை முதல் மரை (திருகு வரி) விட்டு வலம் சுற்றாகச் சுற்றி முடுக்கினேன். இரண்டு நாள் காய்ந்து கிடந்தது, மூன்றாம் நாள் மறுபடி ஈரம். அடுத்த தடவை பேஸ்ட்டும் சேர்த்துப் போட்டேன். அதற்கும் அசையவில்லை. மூன்றாம் முறை இணைப்பில் இருந்த குட்டைக் குழாயை, அந்த நிப்பிளைக் கழற்றித் துடைத்து, டேப் இல்லாமல் ஒரு புது கப்ளிங்கில் வெறுங்கையால் ஏற்றிப் பார்த்தேன். மூன்று சுற்று வழுக்கிக்கொண்டு போய், சட்டென்று பிடித்தது. அந்தப் பிடி என் கைக்குத் தெரிந்த பிடி, மாப்ள. நம்மூர் மரை!

பம்ப்பில் இருப்பது இந்த நாட்டு மரை வகையான என்பிடி, மரைப் பள்ளத்தின் கோணம் 60 டிகிரி. யாரோ மலிவாக வாங்கி மாட்டின நிப்பிள் நம்மூர் வகையான பிஎஸ்பி, 55 டிகிரி. கால் அங்குலக் குழாயாக இருந்தால் அங்குலத்துக்கு என்பிடியில் 18 மரை, பிஎஸ்பியில் 19, ஏறும்போதே சிக்கிக் காட்டிக்கொடுத்திருக்கும். அரை அங்குலத்தில் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14. அதனால் ஏறும், இறுகும், சரியாக உட்கார்ந்த மாதிரியே இருக்கும். மரையின் பக்கங்கள் மட்டும் ஒட்டாது. அந்த இடுக்கிலேயே சுற்றிச் சுற்றித் தண்ணீர் வெளியே வரும். டேப்பை எத்தனை சுற்று சுற்றினாலும் வீண்.

ஐடிஐயில் வாத்தியார் மரை அளக்கிற கேஜை மரையில் வைத்து ஜன்னல் பக்கம் திருப்பச் சொல்வாரே, “வெளிச்சம் தெரியுதா பாரு” என்று. என்னிடம் இருந்த 60 டிகிரி கேஜை வைத்து டார்ச்சுக்கு நேரே பிடித்தேன். ஒவ்வொரு பள்ளத்தின் அடியிலும் மயிரிழை வெளிச்சம். ராத்திரி பதினோரு மணிக்கு அந்த பம்ப் ரூமில் நீ பக்கத்தில் இல்லையே என்று இருந்தது.

சரியான நிப்பிள் போட்டு, ஆடாமல் பைப்புக்கு ஒரு கிளாம்ப்பும் அடித்துவிட்டேன். பத்து நாளாகச் சொட்டு இல்லை, சத்தமும் இல்லை. பழைய நோட்டைப் புரட்டினால் இந்த ஒரு பம்ப்புக்கு மட்டும் ஐந்து முறை சீல் மாற்றியிருக்கிறார்கள். காற்றை விழுங்கிக்கொண்டே ஓடினால் எந்த சீல் தாங்கும்? முதலாளியிடம் நோட்டைக் காட்டினேன். இனி ஃபிட்டிங் எல்லாம் நான் பார்த்துத்தான் வாங்குவது என்று ஒத்துக்கொண்டார்.

ஐந்தாம் நம்பரிலும் அதே மாதிரி நிப்பிள் ஒன்று பார்த்தேன். செவ்வாய்க்கிழமை கூட்டம் குறைவு, அன்றைக்குக் கழற்ற வேண்டும்.

உன் பையன் சித்திரையில் இங்கே வருகிறான் என்று எழுதியிருந்தாய். கணபதி பட்டறையில் பழைய 55 டிகிரி கேஜ் ஒன்று மிச்சம் இருந்தால் அவனிடம் கொடுத்தனுப்பு. அவனை விமான நிலையத்தில் நானே போய் அழைத்துக்கொள்கிறேன். கனமான ஜாக்கெட் ஒன்று எடுத்துவரச் சொல். சித்திரையிலும் இங்கே குளிரும்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்